மூன்று எண்ணில் தேசபக்தியா?

நூம்பலில் ஒரு மளிகைக் கடை. மாலை ஏழு மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து, வேலப்பன்சாவடியில் பஸ் இறங்கி நடந்து வந்த தொழிலாளிப் பெண் ஒருவர் கொசு மட்டை கேட்டார். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். அந்த அம்மாள் விலையைக்கூட முதலில் பார்க்கவில்லை. பெட்டியைத் திருப்பினார், கறுப்புக் கோடுகளுக்கு அடியிலுள்ள எண்ணைத் தேடினார். ஒன்றில் 690 என்று தொடங்கியது. "இது சைனாக்காரன் சரக்கு, வேணாண்ணா" என்று ஒதுக்கினார். மற்றதில் 890. "இதுதான் நம்ம நாட்டுது" என்று நாற்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்.

அந்தப் பெட்டியை நாம் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பக்கவாட்டில், எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடி எழுத்தில், "தயாரான நாடு: சீனா" என்று இருந்தது. அதன் கீழே இறக்குமதி செய்த இந்தியக் கம்பெனியின் விலாசம்!

அந்த நாற்பது ரூபாய் எங்கே போயிற்று? தேசத்துக்கா போயிற்று?

அந்த அம்மாளை நாம் குறை சொல்ல மாட்டோம். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இந்தியச் சிப்பாய்கள் 20 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. ஏழை வீட்டுப் பிள்ளைகள் மடிந்த சேதி கேட்டு ஏழை ஜனங்கள் கொதித்ததில் என்ன அதிசயம்? அந்தக் கொதிப்பின்மேல்தான் ஒரு புரட்டு சவாரி செய்தது. "690 முதல் 699 வரை சீனா, 890 இந்தியா, எண்ணைப் பார், சரக்கை ஒதுக்கு" என்று செல்போனுக்குச் செல்போன் சேதி பறந்தது. ஆண்டுகள் பல ஆகியும் அது ஓயவில்லை. கல்வானுக்கு முன்பே உலகின் பல மொழிகளில் சுற்றிய பழைய சரக்குதான் அது!

உண்மை என்ன?

இந்த எண்களைப் பங்கிட்டுக் கொடுப்பது ஜிஎஸ்1 என்னும் சர்வதேச அமைப்பு. தலைமையகம் பிரஸ்ஸல்ஸில். நாட்டுக்கு நாடு அதற்குக் கிளை அமைப்பு உண்டு. நம் நாட்டுக் கிளை டில்லியில் இருக்கிறது. அது கொடுக்கும் எண்கள் 890 என்று தொடங்கும். சீனக் கிளை கொடுப்பவை 690 முதல் 699 வரை. இலங்கைக்கு 479, மலேயாவுக்கு 955, சிங்கப்பூருக்கு 888. ஒரு கம்பெனி எந்தக் கிளையில் பணம் கட்டி எண் வாங்கியது என்பதை மட்டுமே முதல் மூன்று எண்கள் சொல்லும். சரக்கு எந்த ஊர் ஆலையில், யார் கையால் உருவாயிற்று என்று அவை சொல்லவே சொல்லா. டில்லியில் எண் வாங்கிய கம்பெனி சீனத்தில் செய்வித்தாலும் 890தான். வெளிநாட்டில் எண் வாங்கிய கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் நம் பிள்ளைகளை வைத்துச் செய்வித்தால் அதில் வெளிநாட்டு எண்ணே நிற்கும். ஜிஎஸ்1 அமைப்பே இதைப் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் சேதி பரப்புகிறவர்களுக்கு அது காதில் விழவில்லை!

எண்ணே நாடு என்கிற பேர்வழிகளை இன்னொன்று கேட்கிறோம். புத்தகங்களின் பின்னட்டையில் 978 என்று தொடங்குகிறதே, அது எந்த நாடு? பெரிய கடைகளில் கத்தரிக்காயை நிறுத்து ஒட்டும் சீட்டில் 2 என்று தொடங்குகிறதே, அது எந்த தேசம்? முன்னது புத்தகத்துக்கென்று ஒதுக்கியது. பின்னது கடைக்காரரே உள்ளுக்குள் போட்டுக்கொள்ள விட்டது.

கடைசி எண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. 890123456789 என்ற பன்னிரண்டு இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை இடத்து எண்களைக் கூட்டினால் 28. இரட்டை இடத்து எண்களைக் கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதின்மூன்றாவது இலக்கம். இங்கே குறைவில்லை, ஆகவே 0. மெஷின் தப்பாகப் படித்ததா என்று பார்க்க இந்த ஏற்பாடு. 1974 ஜூன் 26ந் தேதி அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து ட்ராய் நகரக் கடையில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தில் முதன்முதலாகக் கோடு படிக்கப்பட்ட நாளிலிருந்து இதன் வேலை கல்லாவில் கணக்கைத் துரிதப்படுத்துவதுதான். விலைகூடக் கோட்டுக்குள் கிடையாது. அது கடைக்காரரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லாக் குறியைத் தேசபக்தியின் முத்திரையாக்கினார்களே, அதுதான் பித்தலாட்டம்!

இந்தப் பித்தலாட்டத்தால் யாருக்கு லாபம்? கணக்கைப் பாருங்கள். 2019-20ல் சீனத்திலிருந்து இந்தியா இறக்குமதி செய்தது சுமார் 6,500 கோடி டாலர். 2023-24ல் அது 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நூம்பலிலும் திருவேற்காட்டிலும் ஏழைப் பெண்கள் கொசு மட்டையை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், துறைமுகத்தில் கண்டெய்னர்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. இறக்கியவர்கள் யார்? கூலிக்காரர்களா? மெஷினும், மின் சாமானும், மருந்துக்கான மூலப்பொருளும் மொத்தமாகத் தருவித்த கம்பெனிகள்! அவர்களை எண்ணிப் பார்க்கச் சொல்லி எந்தச் சேதியும் வரவில்லை.

சரி, உள்ளூரிலேயே செய்த சரக்கென்றால் போதுமா? இந்துஸ்தான் யூனிலீவரின் பங்குகளில் சுமார் 62 சதவீதம் லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட யூனிலீவருடையது. இங்கே செய்து, 890 போட்டு, இங்கேயே விற்கும் சோப்பின் லாபத்திலும் பெரும்பங்கு அங்கே சேரும். இது ரகசியமல்ல, கம்பெனியே அச்சிட்டுத் தரும் விவரம். அந்த எண்ணில் இதைப் படிக்க முடியுமா?

சுதேசி என்ற சொல்லை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டாம். 1906ல் வெள்ளையன் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர் தூத்துக்குடி வ.உ.சி. அவர் கப்பலோடு நிற்கவில்லை. 1908 பிப்ரவரி 27ந் தேதி தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது சுப்பிரமணிய சிவாவுடன் தொழிலாளிகளின் முன்னே நின்றார். அந்த மில் நூல் நூற்றது தமிழ் மண்ணில், தமிழர் கையால். இன்றைய கணக்குப்படி அதற்கு 890தான் கிடைத்திருக்கும்! மில்லோ ஹார்வி துரைகளுடையது. சரக்கு எங்கே ஆயிற்று என்பதோடு, லாபம் யாருக்கு, கூலி எவ்வளவு என்றும் கேட்டார்கள். கூலி உயர்வும், குறைந்த வேலை நேரமும், ஞாயிறு ஓய்வும் வாங்கினார்கள். அந்தச் சுதேசி எங்கே, செல்போன் சுதேசி எங்கே!

அந்நியச் சரக்கு நம் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது இல்லையா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர் தீப்பெட்டித் தொழிலாளர்களைக் கேளுங்கள். மலிவு லைட்டர் வந்து எத்தனை பெண்களின் வேலை நாட்களைத் தின்றது! அதை நிறுத்தியது எது? பெட்டிக்கடையில் எண் பார்த்ததா? இல்லை. தொழில் சார்பில் கூக்குரல் எழுந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய சர்க்கார் தடுத்தது. உடனே உதிரிப் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கத் தலைப்பட்டார்கள். இங்கே பூட்டினால் 890 போடக் கேட்பானேன்? 2024ல் பாகங்களுக்கும் தடை வந்தது. துறைமுகத்தில் செய்ய வேண்டிய காவலைக் கடையில் நிற்கும் ஏழையின் தலையில் கட்டுவது சர்க்காருக்குச் சௌகரியமான காரியம்!

பெட்டியில் பார்க்க வேண்டியது வேறு இடம். பொட்டலச் சரக்குகளுக்கான 2011ம் வருஷத்து எடையளவு விதிகளின்படி, செய்தவர் அல்லது பொட்டலம் கட்டியவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் விலாசமும், நிகர அளவும், மாதமும் வருஷமும், அதிகபட்ச விலையும், புகார் சொல்ல வேண்டிய இடமும் அச்சிட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் எந்த நாடு என்பதும் வேண்டும். "விற்பனை செய்பவர்" என்று பெரிய எழுத்தில் ஒரு பெயரும், "செய்தவர்" என்று பொடி எழுத்தில் வேறொரு பெயரும் இருந்தால், அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். அங்கேதான் ஏதோ ஒரு ஊரில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்யும் நம் போன்றவர்கள் இருக்கிறார்கள்.

விவரம் இல்லாத பெட்டியானால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குச் சொல்லலாம். தமிழ்நாட்டில் இந்த விதிகளைப் பார்ப்பது தொழிலாளர் துறை. ஆமாம், குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டிய அதே துறைதான். அவர்கள் எத்தனை கடை ஏறினார்கள், எத்தனை ஆலைக்குள் நுழைந்தார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பொடி எழுத்தை அந்த அம்மாளுக்குப் படித்துக் காட்டினோம். கடைக்காரர் மட்டையை மாற்றித் தர ஒப்புக்கொண்டார். அந்த அம்மாள் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு, நாற்பது ரூபாயைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.