அந்தமான் 1937: போராட்டம் திறந்த சிறைக்கதவு

இந்திய விடுதலைப் போராட்டத்தின் திருப்புமுனை ஆண்டுகள் எவை என்று கேட்டால் 1857, 1919, 1930, 1942 என்ற விடை தயக்கமின்றி வரும். அந்த வரிசையில் 1937ஆம் ஆண்டைச் சேர்ப்போர் குறைவு. மாகாணத் தேர்தல்களுக்குப் பின் காங்கிரஸ் அமைச்சரவைகள் பொறுப்பேற்ற ஆண்டு என்ற அளவிலேயே அது நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதே ஆண்டு ஜூலை 24 தொடங்கி ஆகஸ்ட் 28 வரை, அந்தமான் செல்லுலார் சிறையின் அரசியல் கைதிகள் நடத்திய உண்ணாநிலைப் போராட்டமும், அதற்கு ஆதரவாக நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியும் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தைப் பின்வாங்கச் செய்தன. ‘காலாபானி’ என்று மக்கள் அஞ்சிய நாடு கடத்தல் தண்டனை, அரசியல் கைதிகளைப் பொறுத்தவரை, அந்தப் போராட்டத்தோடு முடிவுக்கு வந்தது. அந்த வெற்றி எவ்வாறு கிட்டியது என்பதைத் துல்லியமாக அறிந்துகொள்வது இன்றைய இயக்கத்தின் தேவை. ஏனெனில், அதே சிறையின் வரலாறு இன்று ஆட்சியாளர்களால் வேறு விதமாகச் சொல்லப்படுகிறது.

போர்ட் பிளேரின் புறநகர்ப் பகுதியான பத்துபஸ்தியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தச் சிறை சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழ்வோரில் நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கட்டுமானப் பணிக்கும் துறைமுகப் பணிக்கும் வந்தவர்கள், சிறு வணிகர்கள், இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள் என அவர்களின் வரலாறு உழைப்பின் வரலாறாகும். சிறையைச் சுற்றிப் பார்க்க வரும் உறவினர்களை அழைத்துச் செல்லும் அவர்கள், அங்கே ஒலி ஒளிக் காட்சியில் கேட்பதைக் காட்டிலும் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும்.

கடல் கடந்து நாடு கடத்தப்படும் தண்டனை தமிழகத்திற்குப் புதிதன்று. 1801 பாளையக்காரர் கிளர்ச்சி நசுக்கப்பட்டபின், சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1857 எழுச்சிக்குப் பின், 1858 மார்ச் 10 அன்று 200 கைதிகள் அந்தமானில் இறக்கப்பட்டனர். மண்ணின் மைந்தர்களான பெரும் அந்தமானியர் தங்கள் நிலத்தைக் காக்க 1859இல் அபர்தீனில் போரிட்டுத் தோற்றனர். குடியேற்றம் கொண்டுவந்த நோய்களால் பின்னர் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர். 1896க்கும் 1906க்கும் இடையே, கைதிகளின் உழைப்பைக் கொண்டே, ஏழு கிளைகளுடன் செல்லுலார் சிறை எழுப்பப்பட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத தனியறைகள். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் எடுக்க வேண்டிய செக்கு. செக்கு என்றதும் தமிழருக்கு வ.உ.சி. நினைவுக்கு வருவார். 1908இல் அவருக்கு விதிக்கப்பட்டதும் ஆயுள்கால நாடு கடத்தல்தான். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டதால் அவர் உள்நாட்டுச் சிறைகளிலேயே வதைபட்டார்.

கண்டனங்கள் வலுத்ததால் 1921 வாக்கில் அரசியல் கைதிகள் தாய்நாட்டுச் சிறைகளுக்கு மாற்றப்பட்டனர். எனினும் 1930 ஏப்ரல் 18 சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலும், வங்கத்திலும் பஞ்சாபிலும் பரவிய புரட்சிகர எழுச்சியும் ஆட்சியாளர்களைக் கலங்கடித்தன. 1932இல் செல்லுலார் சிறை அரசியல் கைதிகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. வெளிச்சமில்லாத அறை, புழு நெளியும் உணவு, நூலோ செய்தித்தாளோ இல்லாத தனிமை. 1933 மே 12 அன்று கைதிகள் உண்ணாநிலைப் போராட்டத்தைத் தொடங்கினர். சிறை நிர்வாகம் மூக்கின் வழியே குழாய் செலுத்திக் கட்டாயமாகப் பால் புகட்டியது. லாகூர் சதி வழக்குக் கைதி மகாவீர் சிங், வங்கத்தின் மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவரும் அந்த மே மாதத்திலேயே உயிரிழந்தனர். அவர்களின் உடல்கள் கடலில் விடப்பட்டன. போராட்டம் தளரவில்லை. ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தபின் நிர்வாகம் இறங்கி வந்தது. விளக்கும், உண்ணத்தக்க உணவும், நூல்களும் கிடைத்தன.

அந்த மூன்று உயிர்களின் விலையில் கிடைத்த நூல்கள் சிறையின் முகத்தையே மாற்றின. வரலாறு, பொருளாதாரம், அறிவியல், மார்க்சியம் எனப் பாட வகுப்புகள் முறையாக நடந்தன. துப்பாக்கியும் வெடிகுண்டும் ஏந்திய ஒரு சில வீரர்களால் மட்டும் ஏகாதிபத்தியத்தை வீழ்த்த முடியுமா என்ற கேள்வி அங்கே நேர்மையாக விவாதிக்கப்பட்டது. 1935இல் ‘கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்பு’ என்ற அமைப்பு சிறைக்குள்ளேயே உருவாயிற்று. கையெழுத்து ஏடும் நடத்தப்பட்டது. மருத்துவர் நாராயண் ராய், நிரஞ்சன் சென்குப்தா, சதீஷ் பக்ராசி, ஹரேகிருஷ்ண கோனார், சிவ வர்மா, கணேஷ் கோஷ் போன்றோர் அந்த அறிவுப் பயணத்தில் முன்நின்றனர். கட்சி 1934 முதல் தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. வெளியே தலைமறைவாக இயங்கிய இயக்கத்திற்கு, உள்ளே ஆள்களை உருவாக்கும் பள்ளியாகச் சிறை மாறிவிட்டது.

1936இல் வைசிராய் நிர்வாகக் குழுவின் உள்துறை உறுப்பினர் ஹென்றி கிரெய்க், அந்தமானைக் கைதிகளின் சொர்க்கம் என வர்ணித்தார். சொர்க்கத்தில் வாழ்ந்தவர்களின் பதில் அடுத்த ஆண்டே வந்தது. 1937 ஜூலையில் சென்னை உள்ளிட்ட ஆறு மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பொறுப்பேற்றன. அரசியல் கைதிகளின் விடுதலை தேர்தல் வாக்குறுதிகளுள் ஒன்று. ஆனால் அந்தமான் கைதிகளில் பெரும்பாலோர் வங்கத்தைச் சேர்ந்தவர்கள்; வங்கத்திலோ காங்கிரஸ் ஆட்சி இல்லை; தீவுகளோ மத்திய அரசின் நேரடி ஆளுகையில் இருந்தன. பிற மாகாணங்களில் பிறந்த நம்பிக்கை தங்களை எட்டாமலே போய்விடக்கூடும் என்பதைக் கைதிகள் உணர்ந்தனர். நாடு விழித்திருக்கும் அந்தத் தருணமே போராட்டத்திற்கு உகந்தது என முடிவு செய்தனர்.

அவர்கள் வைசிராய்க்கு அனுப்பிய மனுவின் உள்ளடக்கம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நாட்டின் அரசியல் கைதிகள், விசாரணையின்றி அடைக்கப்பட்டோர் அனைவரையும் விடுதலை செய்ய வேண்டும். அடக்குமுறைச் சட்டங்களைத் திரும்பப் பெற வேண்டும். அந்தமான் கைதிகள் அனைவரையும் தாய்நாட்டுக்கு அனுப்பி, இனி எவரையும் இங்கே அனுப்பக் கூடாது. அரசியல் கைதிகள் எல்லோரையும் ஒரே தகுதியில் நடத்த வேண்டும். தனக்கெனத் தனிச் சலுகை கேட்ட வரி ஒன்றுகூட அந்தக் கோரிக்கைகளில் இல்லை. பதில் திருப்தியளிக்காததால் ஜூலை 24 அன்று உண்ணாநிலை தொடங்கியது. ஏறத்தாழ 200 பேர் அதில் இணைந்தனர். எல்லோரும் கம்யூனிஸ்டுகள் அல்லர்; பழைய புரட்சிக் குழுக்களின் பாதையில் உறுதியாக நின்றோரும் இருந்தனர். கருத்து வேறுபாடு விவாதத்தில் இருந்தது, போராட்டத்தில் இல்லை.

சிறையின் கற்சுவர்களைத் தாண்டி அந்தக் குரலைக் கொண்டுசென்றது வெளியே இருந்த மக்கள் இயக்கம். அலிப்பூர், பெர்காம்பூர், தேவ்லி சிறைகளிலும் முகாம்களிலும் ஆதரவு உண்ணாநிலை பரவியது. கல்கத்தா நகர மண்டபத்தில் ஆகஸ்ட் 2 அன்று நடந்த கண்டனக் கூட்டத்திற்கு ரவீந்திரநாத் தாகூர் தலைமை ஏற்றார். மாணவர்களும் தொழிலாளர்களும் வீதிக்கு வந்தனர். காந்தியும் நேருவும் சுபாஷ் போஸும் தலையிட்டனர். வன்முறைப் பாதையில் நம்பிக்கை தொடர்கிறதா எனக் காந்தி கேட்டபோது, தனிநபர் பயங்கரவாத வழிமுறையில் தங்களுக்கு நம்பிக்கை இல்லை எனக் கைதிகள் பதிலளித்தனர். அது அச்சத்தால் பிறந்த பதிலன்று. பல ஆண்டுக் கல்வியும் விவாதமும் அவர்களை அந்த முடிவுக்கு ஏற்கெனவே கொண்டுவந்து சேர்த்திருந்தன. அவர்கள் கைவிட்டது ஒரு வழிமுறையை, போராட்டத்தைக் கைவிடவில்லை.

ஆகஸ்ட் 28 அன்று உண்ணாநிலை நிறைவுற்றது. செப்டம்பரில் முதல் அணி தாய்நாடு புறப்பட்டது. 1938 ஜனவரியில் கடைசி அணியும் கப்பலேறியது. வெற்றியின் எல்லையையும் மறைக்க வேண்டியதில்லை. திரும்பியவர்களில் பலர் விடுதலை பெறவில்லை. வங்கச் சிறைகளுக்கு மாற்றப்பட்டனர். 1939இல் அங்கேயும் உண்ணாநிலை இருக்க நேர்ந்தது. கணேஷ் கோஷ் போன்ற சிட்டகாங் வீரர்கள் 1946 வரை சிறையில் கிடந்தனர். ஆயினும் நாடு கடத்தல் என்ற ஆயுதம் ஏகாதிபத்தியத்தின் கையிலிருந்து பறிக்கப்பட்டுவிட்டது.

வெளியே வந்தவர்கள் எங்கே சென்றார்கள் என்பதும் 1937இன் வரலாற்றில் அடங்கும். ஹரேகிருஷ்ண கோனார் வங்க விவசாயிகளின் தலைவரானார்; 1967இலும் 1969இலும் ஐக்கிய முன்னணி அரசின் நிலத்துறை அமைச்சராக, நிலச்சுவான்தார்கள் மறைத்துவைத்த நிலங்களை வெளிக்கொணரும் இயக்கத்திற்கு வழிகாட்டினார். கணேஷ் கோஷ் சட்டமன்றத்திலும் மக்களவையிலும் உழைப்பாளரின் குரலாக ஒலித்தார். சிட்டகாங் தாக்குதலில் சிறுவனாகப் பங்கேற்ற சுபோத் ராய், கம்யூனிஸ்ட் இயக்க ஆவணங்களைத் தொகுப்பதில் தம் பிற்கால வாழ்வைச் செலவிட்டார். தனியறையில் கற்ற பாடம் வயலிலும் ஆலையிலும் பயன்பட்டது.

இந்த வரலாறு இன்று ஒற்றை மனிதரின் கதையாகச் சுருக்கப்படுகிறது. போர்ட் பிளேர் விமான நிலையம் 2002 முதல் சாவர்க்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1911 முதல் பத்தாண்டுகள் அவர் அந்தச் சிறையில் பட்ட துன்பம் உண்மையே. அதைச் சிறுமைப்படுத்துவது இடதுசாரி இயக்கத்தின் வேலையன்று. ஆனால் விடுதலை வேண்டி அவர் 1913இலும் பிறகும் எழுதிய மனுக்களும் ஆவணமாக உள்ளன. அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி கூறிய மனு அது; அனைவருக்கும் விடுதலை கேட்ட 1937ஆம் ஆண்டுக் கடிதமும் மனு என்றே அழைக்கப்படுகிறது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. முன்னது ஆட்சியாளரின் கருணையை நாடிற்று. பின்னது மக்களின் வலிமையை நம்பிற்று. சிறைக்கதவை எது திறந்தது என்று 1937 ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகிறது.

அந்தச் சிறைக் கட்டடம் இன்று நிற்பதற்கும் போராட்டமே காரணம். ஏழு கிளைகளில் நான்கு காலப்போக்கில் இல்லாமற்போயின. அந்த இடத்தில் மருத்துவமனை எழுந்தது. முன்னாள் அந்தமான் அரசியல் கைதிகள் ஓர் அமைப்பாகத் திரண்டு, எஞ்சியதையேனும் நினைவுச்சின்னமாகக் காக்க வேண்டுமென விடாது கோரினர். 1979 பிப்ரவரி 11 அன்று அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கல்வெட்டுகளில் மாகாண வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ள பெயர்களில் மிகப் பல, மாலை விழாத பெயர்கள்.

தீவுகளின் இன்றைய நிலையோடு இணைத்துப் பார்க்கும்போதுதான் இந்த நினைவு முழுமை பெறும். ஏறத்தாழ நான்கு லட்சம் மக்கள் வாழும் அந்தமான் நிக்கோபாருக்கு இன்றும் சட்டமன்றம் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். 1937இல் வங்க மக்களுக்குக் கிட்டிய அரைகுறை மாகாணப் பேரவைகூட இத்தீவு மக்களுக்கு இதுவரை கிட்டவில்லை. 2018இலும் 2024இலும் தீவுகளுக்கும் தலைநகருக்கும் புதுப் பெயர்கள் சூட்டப்பட்டன; அதிகாரம் மட்டும் தில்லியில்தான் உள்ளது. அரசுத் துறைகளின் தினக்கூலித் தொழிலாளர்கள் தமக்குரிய ஊதியத்திற்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஆதரவான ஆணையை நிர்வாகம் நிறைவேற்றாததால், 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தலைமைச் செயலாளரையே இடைநீக்கம் செய்ய உத்தரவிட்டது. மறுநாளே உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. பெரும் நிக்கோபாரில் ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை விழுங்கும் துறைமுக, நகரத் திட்டத்திற்கு 2022இல் அனுமதி வழங்கப்பட்டது. ஷோம்பென், நிக்கோபாரிப் பழங்குடியினரின் வாழ்விடத்தைப் பற்றிய அந்த முடிவை விவாதிக்கத் தீவில் ஒரு பேரவை இல்லை.

சிறைக்குள் இருந்த 200 பேரும் வெளியே இருந்த ஆயிரக்கணக்கானோரும் ஒரே கோரிக்கையில் இணைந்தபோதுதான் 1937 சாத்தியமாயிற்று. அன்று உள்ளிருந்தோர் தனித்து நின்றிருந்தால் 1933இன் மூன்று பெயர்களோடு மேலும் பல பெயர்கள் சேர்ந்திருக்கக்கூடும். தீவின் தினக்கூலித் தொழிலாளியும் நிக்கோபாரிப் பழங்குடியும் இன்று தனித்துப் போராடும் நிலையை மாற்றுவது தாய்நிலத்து உழைக்கும் மக்கள் இயக்கத்தின் கடமை. தமிழகத்தின் தொழிற்சங்கங்களுக்கும் மாணவர், வாலிபர் அமைப்புகளுக்கும் அதில் கூடுதல் பொறுப்பு உண்டு. தீவுகளுக்கு முழு அதிகாரம் கொண்ட சட்டமன்றம், தினக்கூலிகளுக்கு உரிய ஊதியம், பழங்குடியினரின் ஒப்புதலின்றி அவர்கள் நிலத்தில் திட்டம் இல்லை என்ற மூன்று கோரிக்கைகளும் கிளைக் கூட்டங்களில் விவாதிக்கப்பட்டு மக்களிடம் செல்ல வேண்டும். மகாவீர் சிங், மோகன் கிஷோர், மோகித் மொய்த்ரா ஆகியோரின் பெயர்கள் பத்துபஸ்தியின் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்களாக வேண்டும். அவர்கள் எதற்காக உயிர் நீத்தார்கள் என்பதும் சேர்ந்தே தெரிய வேண்டும்.