அம்மாவின் முன்னறை



பழைய வீட்டைத் திருத்துவது பற்றி எழுதும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டு முன்னறையைத் திருத்திய கதையையே இம்முறை சொல்கிறேன்.

அந்த அறையை அப்பப்பா 1956இல் கட்டினார். சுண்ணாம்புச் சாந்து பூசிய கல்சுவர், பனைமரக் கூரை, சிவப்புச் சீமெந்து நிலம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல்தான் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. வண்டிலில் சீமெந்து வந்து இறங்கிய நாளைத் திருவிழாவைப் போல அப்பப்பா சொல்லுவார். உள்ளே ஒரு சாய்மனைக் கதிரை, இரண்டு பிரம்புக் கதிரைகள், மூலையில் பெரிய றேடியோ.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு அந்த அறையைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டோம். 2010இல் நானும் அம்மாவும் மட்டுமே திரும்பி வந்தோம். தம்பியை 2009 மே மாதத்திலிருந்து காணவில்லை. முன்னறைக்குக் கூரை இல்லை. ஒரு பக்கச் சுவர் பாதி விழுந்திருந்தது. சாய்மனைக் கதிரையை மட்டும் 1996இல் ஊருக்குத் திரும்பிய அயல்வீட்டு அக்கா எடுத்து வைத்திருந்தா. பின்னறையிலேயே பல வருடங்களைக் கழித்தோம்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபோது, தகரம் போட்டு, நிலத்துக்கு மாபிள் பதித்து, தையல் மெசினை அங்கே வைக்கலாம் என்று நான் நினைத்தேன். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டா.

"பழையபடிதான் இருக்கவேணும் பிள்ளை. அவன் வந்தால் வீடு தெரியாமல் வாசலிலை நிக்கப்படாது."

அதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து, பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்தார். கதிரைக்கும் முன்கதவுக்கும் அவர் சொன்ன விலை கூரைச் செலவில் பாதிக்குக் காணும். எனக்கு ஆசை வந்தது உண்மை. அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் போகும்வரை கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தா.

வேலை தொடங்கியதும் மேசன் அண்ணை முதலில் சொன்னது இதுதான்: "தங்கச்சி, இந்தச் சுவருக்குச் சீமெந்து பூசக்கூடாது." பழைய கல்சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். பிறகு உப்புப் பூத்துப் பூச்சுக் கழரும். சுண்ணாம்புச் சாந்தையே மெல்லிசாகப் பூசி, ஒன்று இறுகியபின் அடுத்ததைப் பூசினோம். நாள் செல்லும், ஆனால் நிலைத்து நிற்கும். சுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

சிவப்பு நிலத்துக்கும் ஒரு பக்குவம் உண்டு. சீமெந்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிவப்புத் தூள் சேர்த்தால் நிலத்தின் பலம் குறையும். இரண்டையும் காய்ந்தபடியே நன்றாகக் கலந்த பிறகுதான் தண்ணீர் விடவேண்டும், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாய் நிறம் மாறும். கீழ்ப்பூச்சு காய முன்னரே மேல்பூச்சைப் போட்டு அழுத்தித் தேய்க்கவேண்டும். பிறகு ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டு வைத்தோம். நன்றாய்க் காய்ந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தோம். அம்மா வெறுங்காலோடு நடந்து பார்த்து, "இதுதான்" என்றா.

எல்லாம் சரி, மெசின் எங்கே வைப்பது? மூன்று நாட்கள் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த நாட்களில் மினெற் டி சில்வா பற்றி வாசித்தேன். நவீன கட்டடக்கலையை இலங்கைக்குக் கொண்டு வந்த முன்னோடிகளில் ஒருவர் அவர். கண்டியில் 1949-1951 காலத்தில் கருணாரத்ன வீட்டைக் கட்டியபோது, புதுமாதிரிக் கட்டடத்துக்குள்ளே தும்பறைப் பாய் நெசவையும் ஊர்க் கைவினைஞரின் வேலையையும் சேர்த்தார். வட்டபுலுவ வீடமைப்பில், குடியிருக்கப் போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு வீடுகளை வரைந்தார். வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அப்பப்பாவின் அறையும் பழையதும் புதியதும் சேர்ந்ததுதான். அன்று சுண்ணாம்புச் சுவர் பழையது, சீமெந்து நிலம் புதியது.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவவே சொன்னா: "மெசினை யன்னலடியிலை வை. வெளிச்சம் அங்கைதான் நல்லா விழும். அப்பப்பாவும் அந்தக் காலத்திலை றேடியோவைப் புதுசா வாங்கித்தானே வைச்சவர்."

இப்போது அந்த யன்னலடியில்தான் தைக்கிறேன். எதிர்ச் சுவரில் தம்பியின் படம் இருக்கிறது. அதற்கு நாங்கள் மாலை போடவில்லை. கதிரைக்குப் புதுப்பிரம்பு பின்னியாயிற்று. பின்னேரங்களில் அம்மா அதில் வாசலைப் பார்த்தபடி இருப்பா.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பழைய கதவோ கதிரையோ மிஞ்சியிருந்தால் முதலில் வந்தவருக்கு விற்றுவிடாதீர்கள். இன்னும் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.