எல்லாம் ஏக்கம்தானா?

ஆங்கில நாவல்களின் தமிழாக்கங்களைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு ஓர் ஐயம் எழும்: ஆங்கிலேயருக்கு இருப்பது ஒரே ஓர் ஏக்கம்தானா? 'லாங்கிங்', 'பைனிங்', 'நாஸ்டால்ஜியா' மூன்றும் நம் மொழிபெயர்ப்பாளர்களின் கையில் 'ஏக்கம்' ஆகிவிடுகின்றன.

'லாங்கிங்' நீளத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. காத்திருப்பவருக்குக் காலம் நீள்வதன் வலி அதில் உண்டு. 'பைனிங்' தண்டனை என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழிவந்தது. அங்கே உடல் மெலிகிறது. 'நாஸ்டால்ஜியா'வோ 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வலி என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஒரு நோய்க்கு இட்ட பெயர். இன்று அது பழைய நாட்களை இனிமையாக நினைத்துக்கொள்வதையும் குறிக்கும் அளவுக்கு இளகிவிட்டது.

வாசகருக்கு எளிதில் புரிய வேண்டும் என்பது இதற்குச் சமாதானமாகாது. காத்திருப்பவளும், மெலிந்து அழிபவளும், ஊர் நினைவில் நோயுற்றவனும் ஒரே மனிதராகத் தெரிந்தால் வாசகருக்குப் புரிந்ததுதான் என்ன?

பிரிவால் மேனி நிறம் மாறுவதற்கே 'பசலை' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. வேட்கை, தாபம், விழைவு, ஏங்கி மெலிதல், ஊர்நினைவு என்று சொற்கள் காத்துக் கிடக்கின்றன. வறுமை தமிழுக்கு இல்லை, தேடச் சலிப்பவர்களுக்கே.