பின்னல் நூலுக்கு நகவெட்டி ஆகாது
தூண்டில் கம்புக்கும் ரீலுக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்கள், நூலை வெட்ட மட்டும் நகவெட்டியைத் தேடுகிறார்கள். நைலான் நரம்புக்கு அது போதும், பிரெய்டுக்கு ஆகாது. நான்கோ எட்டோ பாலிஎத்திலீன் புரிகளைப் பின்னிய வழுவழுப்பான நூல் அது. மழுங்கிய வாயில் அறுபடாமல் மடிந்து நழுவும், நுனி பஞ்சாகப் பிரியும். அப்புறம் முள்ளின் கண்ணில் எச்சில் தொட்டுத் தொட்டுக் கோக்க வேண்டியதுதான். பொடிப் பற்கள் வைத்த சின்னக் கத்தரிதான் என் கட்சி. பல் இழையை நழுவவிடாது. நூலை விறைப்பாகப் பிடித்து ஒரே வெட்டு. சிலர் லைட்டரால் நுனியைப் பொசுக்குவார்கள். இந்த இழை சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். முடிச்சில் சுடர் பட்டால் பலம் போச்சு. ஒன்று மட்டும்: கம்பி லீடர் வெட்டுகிற ஆளுக்கு அந்தக் கத்தரியை இரவல் கொடுக்காதீர்கள்.