கையெழுத்துக்கு மட்டுமா பெற்றோர்?

"பெற்றோரே வருக!" என்று பள்ளி வாயிலில் எழுதி வைக்கிறார்கள். பெற்றோர் வருகிறார்கள். களை பறித்த கையைக் கழுவிக்கொண்டு ஒரு தாய் வருகிறாள். அரைநாள் கூலியை இழந்து ஒரு தந்தை வருகிறான். மகன் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டதால் பேரனுக்காகக் கோலூன்றிக்கொண்டு ஒரு கிழவி வருகிறாள். வந்தவர்களை உட்கார வைக்கிறார்கள். பதிவேட்டை நீட்டுகிறார்கள். எழுதத் தெரிந்தவர் கையெழுத்துப் போடுகிறார். தெரியாதவர் கட்டைவிரலை மையில் தோய்த்து வைக்கிறார். தேநீர் வருகிறது. கூட்டம் முடிகிறது. தீர்மானம் நிறைவேறிவிட்டது! என்ன தீர்மானம்? கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாது!

எல்லாப் பள்ளிகளிலும் இப்படித்தான் நடக்கிறது என்று நாம் கூறவில்லை. பெற்றோரை மதித்து, அவர் சொல்வதைக் கேட்டு, கேட்டதைச் செய்து காட்டும் தலைமையாசிரியர்கள் நாட்டிலே உண்டு. அவர்களைக் கையெடுத்து வணங்குகிறோம். ஆனால் கூட்டம் என்பது கையெழுத்து வாங்கும் சடங்காக எங்கே சுருங்கிப் போகிறதோ, அங்கே நடப்பது சிறு குறை அல்ல; பெருங்கேட்டுக்குப் போடப்படும் பிள்ளையார் சுழி! ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறோம்? காரணம் இருக்கிறது.

2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள். கும்பகோணம். காலையில் தலைவாரிப் பொட்டிட்டுப் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகளில் 94 பேர் மாலையில் வீடு திரும்பவில்லை. சத்துணவு சமைக்கும் கொட்டகையில் பிடித்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. குறுகலான படிக்கட்டு. குழந்தைகளோ நூற்றுக்கணக்கில். நாம் மேலே விவரிக்கப் போவதில்லை. விவரிக்கும் வலிமை எழுதுகோலுக்கு இல்லை. படிக்கும் வலிமை பெற்ற வயிறுகளுக்கு இல்லை.

அந்தக் கீற்றுக் கூரை ஓர் இரவிலே முளைத்ததா? இல்லை. அந்தப் படிக்கட்டு அன்று காலையில்தான் குறுகிற்றா? இல்லை. ஆண்டுக்கணக்கில் இருந்தவை அவை. ஆய்வுக்கு வந்த அதிகாரியின் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை. அனுமதிக்குக் கையெழுத்திட்டவரின் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை. பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட பெற்றோரும் பார்த்திருப்பார்கள். ஆனால், "ஐயா, கூரை கீற்றாயிற்றே, பக்கத்தில் அடுப்பு எரிகிறதே" என்று அவர்கள் எங்கே போய்க் கேட்பது? யாரிடம் கேட்பது? கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? அதைத்தான் எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆகவே அந்தப் பெற்றோரைக் குறைசொல்லும் உரிமை உலகில் எவனுக்கும் இல்லை!

பிறகு என்ன நடந்தது? எல்லாம் நடந்தது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. கீற்றுக் கூரைகளை அகற்றுமாறு ஆணை பறந்தது. 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம், கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமை என்றே பொருள் எனத் தீர்ப்பளித்தது. குற்ற வழக்கிலே தஞ்சை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014 ஜூலையில் வந்தது. பத்து ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. எல்லாம் நடந்தன, எல்லாம் சாவுக்குப் பின்னால் நடந்தன!

அதோடு நின்றதா? 2012 ஜூலையில் தாம்பரத்திலே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி சாலையில் விழுந்து மாண்டாள். அதன் பிறகு அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் பிறந்தன. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன் பிறகு ஊரெங்கும் பள்ளிக் கட்டடங்களை ஆராயவும், பழுதானவற்றை இடிக்கவும் உத்தரவு பிறந்தது.

கூரைக்கு ஒரு கும்பகோணம். பேருந்துக்கு ஒரு தாம்பரம். சுவருக்கு ஒரு நெல்லை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு பிள்ளையின் உயிர் விலையா? வெள்ளம் வடிந்த பின் அணை கட்டும் இந்த வழக்கம் ஒழிய வேண்டாமா? ஒழியும் வழி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சாவு வந்து கேட்பதற்கு முன்னே தாய் வந்து கேட்க வேண்டும். கேட்டால் பதில் கிடைக்க வேண்டும். இதுதான் நாம் சொல்ல வந்த சேதி.

இது வெறும் ஆசையல்ல. சட்டமே இடம் கொடுக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 21ஆவது பிரிவிலே, பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு உரிய இடம். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. தேநீர் குடிப்பது மட்டும் அல்ல!

தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20ஆம் நாள், 'நம் பள்ளி நம் பெருமை' என்ற அழைப்போடு அரசுப் பள்ளிகள்தோறும் பெற்றோர் கூட்டப்பட்டனர். அதையடுத்துக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. குழு அமைத்தோம் என்பது தொடக்கம். குழு கேட்டதைச் செய்தோம் என்பதுதான் முடிவு. இரண்டுக்கும் இடையே எத்தனை தடைக்கற்கள்!

முதல் தடை: "படிக்காத பெற்றோருக்கு என்ன தெரியும்?" என்ற ஏளனம். என்ன தெரியுமா? சொல்கிறோம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதால், மகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போகிறாள் என்பது தாய்க்குத் தெரியும். மழை பெய்தால் எந்த வகுப்பறை ஒழுகுகிறது என்பது, பிள்ளையின் நனைந்த புத்தகத்தைப் பார்த்த தந்தைக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள், எந்த மின்கம்பி தொங்குகிறது, எந்த வளைவில் பேருந்து சீறி வருகிறது, கால் நடக்க முடியாத பிள்ளை வாசற்படி ஏற எவன் தோளைத் தேடுகிறான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் அதிகாரிக்குத் தெரிவதைவிட, ஆண்டு முழுதும் பிள்ளையின் முகம் பார்ப்பவளுக்கு அதிகம் தெரியும். எழுத்தறியாதவள் சுவரில் உள்ள விரிசலை அறியாதவளா?

இரண்டாம் தடை நேரம். வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? வந்தால் கூலி போகும். வராவிட்டால் "அக்கறையில்லாத பெற்றோர்" என்ற பட்டம் வரும்! கூட்டத்தின் நேரத்தைப் பள்ளியின் மணி மட்டும் தீர்மானிக்கலாமா? வயலும் ஆலையும் விடும் நேரமல்லவா தீர்மானிக்க வேண்டும்!

மூன்றாம் தடைதான் கொடியது. அது அச்சம். "நாம் கேள்வி கேட்டால் நம் பிள்ளையைக் கறுவிக்கொள்வார்களோ?" என்ற அச்சம். ஊரின் பெரிய மனிதர் எதிரே உட்கார்ந்திருக்க, சேரியிலிருந்து வந்த தாய் வாய் திறப்பாளா? குழுவில் அவள் பெயர் இருக்கலாம். அவள் குரல் இருக்கிறதா? நாற்காலியில் இடம் கொடுத்தால் போதாது. நாவுக்கு இடம் கொடுக்க வேண்டும். கேட்டவளின் பிள்ளையை ஒரு சொல்லால் குத்தினாலும் அது குற்றம் என்று பள்ளியில் உரக்க அறிவிக்க வேண்டும்.

இங்கே ஆசிரியர்களைப் பற்றி ஒரு சொல். அவர்களைக் கூண்டிலேற்றுவது நம் நோக்கமல்ல. பல இடங்களில் அவர்களும் நம்மைப் போலவே மனுப்போட்டுக் காத்துக் கிடப்பவர்கள்தான். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சுவர் விரிந்தால் தலைமையாசிரியர் கொத்தனாரைக் கூப்பிட்டு இடித்துக் கட்டிவிட முடியுமா? கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. பாடம் கல்வித் துறையின் பொறுப்பு. மின்கம்பி மின்வாரியத்தின் பொறுப்பு. சாலை இன்னொரு துறையின் பொறுப்பு. பொறுப்பாளர்கள் பலர், ஆகவே பொறுப்பேற்பவர் எவருமில்லை! கோப்பு இங்கிருந்து அங்கே போகிறது. அங்கிருந்து இங்கே வருகிறது. விரிசல் மட்டும் நகராமல் வளர்கிறது. எனவேதான் கூட்டத்துக்குத் தலைமையாசிரியர் மட்டும் வந்தால் போதாது என்கிறோம். கேள்வி எந்தத் துறையைப் பற்றியதோ, அந்தத் துறையின் அலுவலர் வந்து பெற்றோர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

சட்டத்திலேயே ஓர் ஓட்டை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளியின் குழுவுக்கு உள்ள உரிமை, உதவிபெறும் பள்ளியின் குழுவுக்கு இல்லை. 2012இல் வந்த திருத்தம் அதை ஆலோசனை சொல்லும் குழுவாக்கிவிட்டது. அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிக்கோ, அந்தப் பிரிவு குழுவே கேட்கவில்லை. கும்பகோணத்தில் மாண்டவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளா? இல்லை. தாம்பரத்துப் பேருந்து அரசுப் பள்ளியுடையதா? இல்லை. கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பெற்றோர் தெரிந்துகொண்டால் போதும், பேருந்தின் தரை எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம் என்பது என்ன நீதி? பணம் வாங்கும் கைக்குப் பதில் சொல்லும் வாய் வேண்டாமா? பள்ளி யாருடையதானாலும் பிள்ளை நாட்டுடையது. ஆகவே எல்லாப் பள்ளிக்கும் பெற்றோர் குழு, எல்லாக் குழுவுக்கும் ஒரே உரிமை என்று சட்டம் திருத்தப்பட வேண்டும்.

கேட்டால் என்ன விளையும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. "பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை?" என்ற கேள்விக்கு "பசி" என்று பதில் வந்தது. அதைக் காதில் வாங்கியவர்கள் இருந்ததால்தான், 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகல் உணவு தந்தது. காமராசர் காலத்தில் அது நாடெங்கும் பரவிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று. 2022 செப்டம்பரில் மதுரையிலே காலைச் சிற்றுண்டியாகவும் மலர்ந்தது. 1958 தொடங்கி நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் பலகையும் பெஞ்சும் கட்டடமும் கொடுத்தார்கள். அன்று ஊர் கொடுத்தது; பள்ளி வளர்ந்தது. கொடுக்கத் தெரிந்த கைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லையா?

பாதுகாப்பு என்பது சுவரும் கூரையும் மட்டுமல்ல; மனிதரும்தான். பிள்ளையிடம் தகாத முறையில் நடப்பவனைத் தண்டிக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. அறிந்தும் அறிவிக்காமல் மூடி மறைப்பவருக்கும், பள்ளியை நடத்துபவரே ஆனாலும், அந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்று பேசுவோரைக் கேட்கிறோம்: பெயர் பெரிதா, பிள்ளை பெரிதா? 1098 என்ற உதவி எண் வகுப்பறைச் சுவரில் பிள்ளையின் கண்மட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள். இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் கேள்வியாகட்டும்.

நாம் கேட்பவை அதிகமில்லை. கூலிக்காரரும் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடக்கட்டும். பெற்றோர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், கேட்டவர் சொன்னபடியே ஏட்டில் ஏறட்டும். ஏறியதை அங்கேயே உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கட்டும். யார் செய்வார், எந்த நாளுக்குள் செய்வார் என்று பக்கத்திலேயே எழுதட்டும். அடுத்த கூட்டம் பழைய கேள்விக்குப் பதில் சொல்லித் தொடங்கட்டும். செய்ய முடியவில்லையென்றால், முடியவில்லை என்று காரணத்தோடு சொல்லட்டும். உண்மையைத் தாங்கும் நெஞ்சம் ஏழைக்கு உண்டு. ஏமாற்றத்தைத்தான் அவன் இனியும் தாங்கமாட்டான்.

தாய்மார்களே! தோழர்களே! அடுத்த முறை பதிவேட்டை நீட்டும்போது பேனாவைக் கையில் வாங்குங்கள். ஆனால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். "இதில் என்ன எழுதியிருக்கிறது? படியுங்கள்" என்று கேளுங்கள். "சென்ற மாதம் சொன்ன சுவர் என்னாயிற்று?" என்று கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். நீங்கள் கேட்பது சலுகையல்ல. காலையில் பள்ளிக்குப் போன பிள்ளை மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்ற உரிமையைக் கேட்கிறீர்கள்!