சட்டசபையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்

சபாநாயகருக்கு வயது 16. கவர்னருக்கு வயது 17. உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் ஓட்டுப் போடும் வயதே வரவில்லை. ஆனாலும் மசோதா வருகிறது, காரசாரமாக விவாதம் நடக்கிறது, ஓட்டு எடுக்கப்படுகிறது!

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவ-மாணவிகள் ஆண்டுதோறும் நடத்தும் "மாதிரி சட்டசபை"தான் இது.

"படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆல்பனியில் ஆரம்பம்

நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம், ஆல்பனி. அங்குள்ள ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் சிறுவர் பணிகளைக் கவனித்து வந்தவர், கிளமென்ட் டூரன். அவர் 1936-ம் ஆண்டில் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார்.

அந்த ஆண்டை மறக்கக்கூடாது. ஜெர்மனியில் சிறுவர்கள் எல்லோரையும் "ஹிட்லர் வாலிபர் படை"யில் சேர்க்க 1936 டிசம்பரில் சட்டம் செய்தார்கள். ஒருவன் கட்டளை இடுவான். ஊரே கையைத் தூக்கும். அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான்.

அதே ஆண்டில் ஆல்பனியில் பிள்ளைகளுக்கு வேறு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். "கனம் உறுப்பினர் சொல்வதை நான் ஆட்சேபிக்கிறேன்" என்று எழுந்து நின்று சொல்வது எப்படி என்பதே அந்தப் பாடம்!

இன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இது நடக்கிறது.

மசோதா படும் பாடு

பங்கு கொள்ளும் மாணவன் வெறுங்கையோடு போக முடியாது. ஒரு மசோதாவை எழுதிக்கொண்டு போகவேண்டும்.

பள்ளிக்கூட பஸ்களில் எல்லா ஆசனங்களுக்கும் பாதுகாப்பு வார் பொருத்தவேண்டும் என்று ஒரு மாணவி மசோதா எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல காரியம்தானே, யார் எதிர்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போவாள்.

முதலில் கமிட்டி. அங்கே கேள்விகள் கிளம்பும். "இதற்குச் செலவு எவ்வளவு? யார் கொடுப்பது? பழைய பஸ்களை என்ன செய்வது? பொருத்தாத பள்ளிக்கு என்ன தண்டனை?"

அந்தப் பெண் திகைத்துப் போவாள். உட்கார்ந்து திருத்தி எழுதுவாள். கமிட்டி ஒப்புக்கொண்டால்தான் மசோதா சபைக்கு வரும்.

சபையில் ஆதரித்துப் பேசுவார்கள்; எதிர்த்தும் பேசுவார்கள். திருத்தம் கொண்டுவருவார்கள். பிறகு ஓட்டெடுப்பு. ஒரு சபையில் வென்றால் போதாது. நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் இரண்டு சபைகள் உண்டு. இரண்டிலும் தேறவேண்டும். அதன் பிறகும் மாணவக் கவர்னர் கையெழுத்துப் போட மறுக்கலாம்!

பல மாநிலங்களில் இதற்காக நிஜமான சட்டசபை மண்டபத்தையே திறந்து விடுகிறார்கள். பெரியவர்கள் அமரும் ஆசனங்களில் பிள்ளைகள் அமருகிறார்கள். நிருபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் வேலை பார்ப்பவர்களும் மாணவர்களே.

ஜனாதிபதி ஆனவர்

"அமெரிக்கன் லீஜன்" என்ற முன்னாள் ராணுவ வீரர் சங்கமும் இதே போல ஒரு திட்டத்தை 1935-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கியது. அதன் அகில தேசிய முகாமுக்கு 1963 ஜூலையில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்திலிருந்து 16 வயதுப் பையன் ஒருவன் போனான். வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஜனாதிபதி கென்னடியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தப் பையன்தான் 1993-ல் ஜனாதிபதி ஆன பில் கிளின்டன்.

இதைச் சொல்லித்தான் பலரும் இந்தத் திட்டத்தைப் புகழ்வார்கள். ஆனால் ஜனாதிபதி ஆகிறவர் ஒருவர். ஓட்டுப் போடுகிறவர்கள் கோடிக்கணக்கானவர்கள். மாதிரி சட்டசபையின் பெரிய லாபம் அந்தக் கோடிப் பேருக்குத்தான்.

தோற்கத் தெரியவேண்டும்

அங்கே ஒரு மாணவன் கற்றுக்கொள்ளும் பெரிய பாடம், தோற்பது.

இரவெல்லாம் கண் விழித்து எழுதிய மசோதா ஐந்து நிமிடத்தில் தோற்றுப் போகும். தோற்கடித்தவன் அடுத்த நாற்காலியில்தான் இருப்பான். அவனோடு சேர்ந்து சாப்பிடவேண்டும். மறுநாள் வேறு மசோதாவுக்கு அவனிடமே ஆதரவு கேட்கவேண்டும். எதிர்க்கட்சிக்காரன் எதிரி அல்ல என்பதை இதைவிட நன்றாக எந்தப் புத்தகம் சொல்லிக் கொடுக்கும்?

குறையும் இல்லாமல் இல்லை. பயணம், தங்குமிடம், கட்டணம் என்று செலவு ஆகிறது. உதவித்தொகை கிடைக்காத ஏழைப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். ஏழை இல்லாத சட்டசபை, மாதிரிக்குக்கூட நல்ல மாதிரி ஆகாது.

நம் நாட்டில்

இந்தியாவுக்கும் இது புதிது அல்ல. 1962-ல் பம்பாயில் கூடிய அகில இந்திய கொறடாக்கள் மாநாடு, "இளைஞர் பாராளுமன்றம்" நடத்தவேண்டும் என்று சிபாரிசு செய்தது. 1966-67-ல் டெல்லி பள்ளிகளில் போட்டி தொடங்கியது. பிறகு கேந்திரீய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவியது.

நல்ல முயற்சி. ஆனால் இது போட்டி, பரிசு உண்டு. ஆகவே பல இடங்களில் யார் எழுந்து என்ன கேட்பது, மந்திரி என்ன பதில் சொல்வது என்பதை எல்லாம் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கேள்வியும் ஆசிரியருடையது, பதிலும் ஆசிரியருடையது! கைதட்டல் கிடைக்கும். பாடம் கிடைக்காது.

முடிவு முன்பே தெரிந்தால் அதற்குப் பெயர் நாடகம். தெரியாமல் இருந்தால்தான் அது சட்டசபை.

செய்யவேண்டியது என்ன?

ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஆண்டுக்கு இரண்டு நாள் போதும். ஊருக்கு வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றி மாணவர்களே மசோதா எழுதட்டும். குடிதண்ணீர், சாலை, நூல் நிலையம் எதுவாகவும் இருக்கலாம். செலவுக் கணக்கையும் அவர்களே போடட்டும். பிறகு உண்மையாக ஓட்டெடுக்கட்டும். ஆசிரியர் பின் பெஞ்சில் அமர்ந்து பேசாமல் கேட்கட்டும். இதற்குக் கட்டணம் தேவை இல்லை. பட்டணத்துக்குப் போகவும் தேவை இல்லை.

முன்பு இந்தியாவில் 21 வயதானால்தான் ஓட்டு. அரசியல் சட்டத்தைத் திருத்தி 1989-ல் அதை 18 ஆக்கினார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த சூட்டோடு ஓட்டுச் சாவடிக்குள் நுழைகிறது பிள்ளை. தமிழ்நாட்டின் 234 சட்டசபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் அதற்கும் பங்கு வந்துவிடுகிறது.

சைக்கிள் ஓட்டக்கூட விழுந்து எழுந்துதான் பழகவேண்டும். நாட்டை ஓட்டுவதற்குப் பழக்கம் வேண்டாமா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது.