ஊர் உலா: ஆறு நகர்த்திய துறைமுகம்... புன்னைக்காயல்!

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பேருந்தில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள். வழியில் வரும் ஆத்தூர், வெற்றிலைக்குப் பேர்போன ஊர். 2023-ல் புவிசார் குறியீடுகூட கிடைத்துவிட்டது. அங்கிருந்து கிழக்கே பிரியும் சாலையில் திரும்புகிறவர்கள் குறைவுதான். அந்தச் சாலை முடியும் இடம் புன்னைக்காயல். தாமிரபரணி முடிவதும் அங்கேதான்.

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கி.மீ. ஓடி, எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி வரும் ஆறு இங்கே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஏற்றத்தின்போது கடல் ஆற்றுக்குள் ஏறி வரும். வற்றத்தின்போது ஆறு கடலுக்குள் இறங்கும். இந்த உவர்நீரில்தான் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை அவற்றின் மூச்சு வேர்கள். இறால், நண்டுக் குஞ்சுகளுக்கு அந்த வேர்க்கூட்டம்தான் தொட்டில்.

அழகு ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்ற கதைதான் இன்னும் சுவாரஸ்யம்.

சங்க காலத்தில் பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் கொற்கை. இன்றைக்குக் கொற்கைக்குப் போனால் வயலும் குளமும்தான் தெரியும். கடல் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ள, துறைமுகமும் அதன் பின்னாலேயே போனது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரேபியக் குதிரைகள் வந்திறங்கும் 'காயல்' என்ற செழிப்பான நகரத்தைப் பற்றி எழுதினார். அது பழையகாயல் என்பது பலருடைய கருத்து. காயல்பட்டினத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை! பழையகாயலும் தூர்ந்துபோக, போர்ச்சுக்கீசியர் காலத்தில் பெயரெடுத்தது புன்னைக்காயல். இந்த வண்டல் கணக்கை 1881-ல் வெளியான தன் திருநெல்வேலி வரலாற்றில் கால்டுவெல் விளக்கியிருக்கிறார்.

போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற பாதிரியார், 1540-களின் பிற்பகுதியில் இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். நம் ஊரில் அவருக்கு அண்டிரிக் அடிகளார் என்று பெயர். அவருக்கு முன்பு வந்த பிரான்சிஸ் சேவியர், முத்துக்குளிக்கும் பரதவ மக்களிடம் பேச மொழிபெயர்ப்பாளர்களை நம்ப வேண்டியிருந்தது. அண்டிரிக் தமிழை உட்கார்ந்து படித்தார். போர்ச்சுக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமே எழுதினார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கங்கள். தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சான முதல் நூல் அது.

அடுத்து 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களுக்கும் மேல். அது புன்னைக்காயலில்தான் அச்சிடப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. பரதவர்கள் கொடுத்த பணமும் அந்த அச்சு வேலைக்குள் இருக்கிறது. அந்த எழுத்துகளை இன்று வாசிப்பது கொஞ்சம் சிரமம். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் விட்டுவிட்ட பழக்கம், ஈய எழுத்துக்கும் அப்படியே வந்துவிட்டது. நூலின் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அண்டிரிக் 1600-ல் புன்னைக்காயலிலேயே காலமானார். அதற்குள் தூத்துக்குடி பெரிய ஊராக வளர்ந்துவிட்டது. புன்னைக்காயல் மீன்பிடி கிராமமாகவே நின்றுவிட்டது.

கொற்கையையும் பழையகாயலையும் மூடிய அதே மணல் இன்றைக்கும் தன் வேலையை நிறுத்தவில்லை. கோடையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே தண்ணீர் குறைந்தால், முகத்துவாரத்தில் சேரும் மணலைத் தள்ள ஆற்றுக்குத் தெம்பு இருக்காது. திட்டு வளரும். படகில் கடலுக்குப் போகிறவர்கள் ஏற்றம் பார்த்துத்தான் வெளியேற வேண்டும். பிடித்த மீனோடு திரும்பும்போதும் அதே காத்திருப்பு. முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்பது ஊர்க்காரர்களின் பல வருடக் கோரிக்கை.

தண்ணீர் அதிகமானாலும் ஆபத்துதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணியில் வந்த வெள்ளத்துக்குக் கடைசி வாசல் புன்னைக்காயல். அவ்வளவு தண்ணீரும் இந்த ஊரைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும்.

திருச்செந்தூர் போகிறவர்கள் ஒரு அரைநாள் ஒதுக்கினால் போதும். வெயில் ஏறுவதற்கு முன்பு போய்விடுங்கள். வலை உலரும் கரையில் மீன் ஏலமும் பார்க்கலாம். சேறு ஆழம் என்பதால், அலையாத்திப் பக்கம் ஊர்க்காரர்கள் துணையில்லாமல் இறங்க வேண்டாம். திரும்பும் வழியில் கொற்கையையும் எட்டிப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே கப்பல் நின்றது என்று கூட வருகிற குழந்தைகளிடம் சொன்னால், நம்ப வைப்பது உங்கள் பாடு!